தண்ணீர் ஊற்றாமல் எடுத்த படம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சோதனைக்கூடம் என் பொறுப்பு. என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், "தண்ணியைப் படம் எடுக்கிறேன்" என்பேன்.

பொய்யில்லை. பம்பு தள்ளும் தண்ணீர் ஒரு கண்ணாடித் தொட்டி வழியாக ஓடும். அதில் கோலமாவைவிட மெல்லிய கண்ணாடித் துகள்களைக் கலந்து, பச்சை லேசர் ஒளியைத் தகடுபோலப் பாய்ச்சுவோம். துகள்கள் மின்னும். கண்ணிமைப்பதற்குள் கேமரா இரண்டு படம் எடுத்துவிடும். முதல் படத்திலிருந்த துகள்கள் இரண்டாவதில் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று கணினி கணக்கிட்டு, தண்ணீரின் வேகத்தை அம்புக்குறிகளாகப் போட்டுக் காட்டும்.

இந்தக் கருவி வருவதற்கு முன்பு எல்லாம் ட்ரம்மும் ஸ்டாப்வாட்சும்தான். வெளியே வரும் தண்ணீர் ட்ரம்மில் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். அதைச் செய்துவந்தவர், இரும்பைக் குடைந்து வடிவமைக்கும் எங்கள் மில்லிங் மெஷின்காரர். பாரிவாக்கத்துக்காரர், கிட்டத்தட்ட என் வயது. அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்குப் போனவர். இவர் ஐடிஐ முடித்து இரும்பு வேலைக்கு வந்துவிட்டார்.

புதுக் கருவியை ஓட்டிய முதல் வாரம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற என் கணக்கு அவருடைய கணக்கைவிடக் கூடுதலாக வந்தது. திரும்ப எடுத்தேன். அப்போதும் கூடுதல்தான். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, எது சரி என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கையால அளக்கிறதுல தப்பு வரத்தான் செய்யும் சார்" என்றேன்.

மில்லிங்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், நா தூங்கிகினா அளந்தேன்?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவுமில்லை.

மூன்றாம் நாள் காலை, ஒரு கறுப்புத் தகட்டோடு சோதனைக்கூடத்துக்கு வந்தார். தகடு முழுக்க, என் கண்ணாடித் துகள்களைப்போல, வெள்ளை பெயின்ட்டைப் பொடிப்பொடியாகத் தெளித்திருந்தார்.

"இத்த என் மெசின்ல மாட்டி ஒரு மில்லிமீட்டர் எறக்குறேன் மேடம். டயல்ல கரீக்டா தெரியும். உன் கேமரா இன்னா சொல்லுதுன்னு பாத்துரலாம்."

சரி என்றேன். தொட்டியைத் தூக்கிப்போய் அவருடைய மெஷின் மேஜையில் வைத்தோம். தொட்டிக்குள், வழக்கமாக லேசர் விழும் இடத்தில், மெஷினிலிருந்து தகடு தொங்கியது. வழக்கமான தூரத்தை டேப்பால் அளந்து கேமராவை நிறுத்தினேன். ஒரு படம். அவர் கைப்பிடியைச் சுற்றித் தகட்டை இறக்கினார். இன்னொரு படம். கணினி ஒரு மில்லிமீட்டர் என்றது, அச்சு அசலாக.

"பாத்தீங்களா?" என்றேன். குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

அவர் அசரவில்லை. "தொட்டி காலியா கீது மேடம். பம்பு தண்ணியிலதான ஓடுது? ஊத்திட்டுப் பாரு."

ஹோஸைப் போட்டுத் தொட்டியை நிரப்பினோம். தகடு மறுபடி ஒரு மில்லிமீட்டர் இறங்கியது. கணினி இந்த முறை ஒன்றுக்கு மேலே காட்டியது. டயலைக் குனிந்து பார்த்தேன். அதில் சந்தேகமே இல்லை. தொட்டிக்குள் பார்த்தேன். தண்ணீருக்குள் தகடு முன்னைவிடப் பெரிதாக, கிட்டே வந்துவிட்டதுபோல் தெரிந்தது. அதைப் பார்த்தவுடன் எனக்குக் காது சூடாகிவிட்டது.

கேமராவுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று சொல்லிக்கொடுக்க, தொட்டிக்குள் ஸ்கேலை நிறுத்தி முதலில் ஒரு படம் எடுக்கவேண்டும். கருவியைப் பொருத்திய நாளில், திருநின்றவூருக்கு என் வழக்கமான ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், தண்ணீர் நிரப்பாமலே அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். தண்ணீருக்குள் எல்லாமே பெரிதாகத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நகர்ந்த தூரமும் பெரிதாகத்தானே தெரியும்? வேகம் கூடாமல் என்ன செய்யும்?

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"உடு மேடம்" என்றார் அவர். ஆனால் முகம் தெளிந்துவிட்டது.

மதியம் நானே மேனேஜரிடம் எல்லோரையும் கூப்பிடச் சொல்லி, ட்ரம் கணக்கு சரி, நான் ஸ்கேல் படம் எடுத்த விதம்தான் தப்பு என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் பசித்தது. மேனேஜர், "சரி, திரும்ப எடுங்க" என்றதோடு முடித்துக்கொண்டார்.

தொட்டியைப் பழைய இடத்தில் வைத்து, தண்ணீர் நிரப்பி, ஸ்கேல் படத்தைப் புதிதாக எடுத்துப் பம்பை ஓட்டினேன். இரண்டு கணக்கும் கைகோத்துக்கொண்டன.

சாயங்காலம் டீ குடிக்கும்போது அவர் சொன்னார். "அன்னிக்கு ஊட்டுக்குப் போயி சோறே எறங்கல மேடம். நம்ம கை மேலயே நமக்கு டவுட்டு வந்துட்சி."

நான் மன்னிப்புக் கேட்டேன். பதிலுக்குத் தன் தட்டிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு கணினித் திரையில் அம்புக்குறிகளைக் காட்டச் சொன்னார். பம்பிலிருந்து தண்ணீர் வெளிவரும் வால்வின் மூலையைத் தாண்டி ஓர் இடத்தில் அம்புகள் வட்டமாகத் திரும்பி, வந்த வழியே போய்க்கொண்டிருந்தன.

"இன்னாது இது, தண்ணி ரிவர்ஸ்ல போவுது?"

"சுழி. அங்கதான் நம்ம பம்பு வீணா சக்தியைத் தொலைக்குது."

அந்த வட்டத்தைத் திரையில் விரலால் சுற்றிப் பார்த்தார். "இத்தினி வருசம் ட்ரம் ரொப்பிகினு இருந்தேன், இது தெரியாம பூட்ச்சே" என்றார். குரலில் வருத்தமில்லை. அந்த மூலையை எவ்வளவு வளைத்துக் குடைந்தால் சுழி அடங்கும் என்று, டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல், பஜ்ஜி கட்டிவந்த காகிதத்தில் வரைய ஆரம்பித்துவிட்டார்.