நிலைப்படியை எடுத்துவிட்டார்கள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மைத்துனர் பிள்ளைகள் இரண்டு பேரும் என் கையால் தின்றுதான் ஆளானார்கள். பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம். வாயால் சொன்னால் என் மகன் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறான், அதனால் எழுதுகிறேன். என் வீட்டு நிலைப்படியை என்னைக் கேட்காமல் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வரவேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

பெங்காலி ஊரான பெஹாலாவில் ஒரு சந்துக்குள்ளே எங்கள் வீடு. கீழ்வீடு. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது. குடிவந்த முதல் மழைக்கே சந்துத் தண்ணீர் உள்ளே வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த அரிசி மூட்டை ஊறிப்போனது. அந்த ஊறின அரிசியை மூன்று நாள் இட்லியும் தோசையுமாகச் சுட்டுப்போட்டேன், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதற்கப்புறம்தான் அவர் மிஸ்திரியைக் கூட்டிவந்து, நிலைக்குக் கீழே குறுக்கே ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை போட்டு, வெளிப்பக்கம் சிமெண்டும் பூசச் சொன்னார். இங்கே அதைச் சௌகாட் என்பார்கள். மழைக்குத் தண்ணீர் அந்தப் படி வரைக்கும் வரும், நிற்கும், வடிந்து போகும். மீறுகிற மாதிரி இருந்தால் கதவைச் சாத்தி, கதவும் படியும் சேருகிற இடுக்கில் கோணியை நனைத்து முறுக்கித் திணிப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கும்பிடுவதற்கென்று போட்ட கட்டை இல்லை அது.

போன தை மாதம் பேத்தியின் வளைகாப்புக்காகத் திருநெல்வேலியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்காகவே காத்திருந்த மாதிரி வீட்டை மாற்றிவிட்டார்கள். தரைக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் வேண்டும் என்று மட்டும் மகன் போனில் கேட்டான். எனக்கு டைல்ஸே வேண்டாம் என்றேன். அதை அவன் வெள்ளை என்று எடுத்துக்கொண்டான்.

திரும்பி வந்தால் ஜன்னலெல்லாம் கண்ணாடி. முன்னே இருந்தது பச்சை வர்ணம் அடித்த மரச் சட்ட ஜன்னல். நடுவிலிருக்கிற குச்சியைத் தூக்கினால் சட்டங்கள் விரியும், நான் சந்தைப் பார்க்கலாம், சந்து என்னைப் பார்க்க முடியாது. இப்போது தள்ளித் திறக்கிற அலுமினிய ஜன்னல். ஒரு பாதியைத் தள்ளினால் மறுபாதிக்குப் பின்னால் போய் நிற்கிறது. எப்படித் தள்ளினாலும் பாதிக் காற்றுதான். உள்ளே நான் தலை வாருவது எதிர்வீட்டு மாடிக்குத் தெரிகிறது. இதையும் பொறுத்தேன். ஒரு பழைய சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன்.

வாசலைத்தான் பொறுக்க முடியவில்லை. பெட்டியை மகன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வருகிறேன். நாற்பது வருஷப் பழக்கம், கால் தானாகத் தூக்கிக்கொண்டது. தூக்கின கால் தாண்டப் படி இல்லாமல் தொப்பென்று கீழே போய், சுவரைப் பிடித்து நின்றேன்.

"பாத்தியாம்மா, ஒனக்காகத்தான் எல்லாம் சமமாப் போட்டாச்சு. இனி தடுக்காது" என்றான்.

"இருந்த படி ஒருதரம் தடுக்குச்சு. இல்லாத படி வந்ததும் வராததுமாத் தடுக்குது" என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஒருதரம் விழுந்தது உண்மை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படியில் இடறி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது, ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு இருந்தேன். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விழுந்தது நான்தானே. படி வேண்டுமா வேண்டாமா என்று என்னிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்? வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "அம்மாவுக்காகத்தான் எடுத்தேன்" என்கிறான். என் பேரைச் சொல்லி நான் கேட்காத காரியம் எத்தனை நடக்கிறது இந்த வீட்டில்.

நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பெண்தான். மஞ்சள் பூச இடமில்லை என்றுதான் எனக்கு வருத்தம் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். லேக் மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் விற்கிற கடைக்குப் போய் ஒரு ஸ்டிக்கர் வாங்கிவந்தாள். நீளமாக, மஞ்சள் நிறத்தில், குங்குமப் பொட்டும் கோலமும் அச்சடித்தது. வெள்ளை டைல்ஸ் மேல் ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, இனி வெள்ளிக்கிழமை குனியவே வேண்டாம். ஈரத்துணியாலத் தொடச்சாப் போதும்."

"தண்ணி வந்தா இதைக் காட்டித் திருப்பி அனுப்பிருவியா?"

"இப்பல்லாம் தண்ணி வராது அத்தை. சந்து ரோட்டையே ஒசத்திப் போட்டிருக்காங்கல்லா."

"சந்து ஒசந்தா வீடு பள்ளமாகும், தாயி."

அவள் குனிந்து ஸ்டிக்கர் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் பிடித்த மழை விடவில்லை. மகன் ஆபீசில். மத்தியானம், பௌதி என்று நாங்கள் கூப்பிடுகிற பக்கத்து வீட்டு அண்ணி மாடியிலிருந்து, "மாஷிமா, தண்ணி ஏறுது" என்று பெங்காலியில் கத்தினாள். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி; இந்தச் சந்தில் எல்லோருக்கும் நான் மாஷிமாதான். நான் கோணியை நனைத்து முறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். திணிக்க இடுக்கு எங்கே இருக்கிறது? புதுக்கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி, கோணியைத் தாங்கப் பின்னால் ஒரு கட்டை இல்லை. வைத்த கோணியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்தது. சாக்கடைத் தண்ணீர். ஸ்டிக்கர் உரிந்து ஹாலுக்குள் மிதந்து வந்தது. மருமகள் அதை எடுத்துச் சுருட்டி வாளியில் போட்டாள். அவளும் நானுமாக மெத்தையைத் தூக்கி மேஜைமேல் போட்டோம். சின்ன வயதில் செய்தது போலவே செய்தேன், இரண்டு நாள் இடுப்பு என்னை விடவில்லை.

மகன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். முழங்காலுக்குக் கீழே கறுப்பு. வீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஒரு பலகை செஞ்சிரலாம்மா. மழைன்னா செருகிக்கிடலாம், வெயிலடிச்சா எடுத்துக்கிடலாம்."

"எடுக்கவும் செருகவும் நீ வீட்டுல இருப்பியா?"

"நீ மறுபடி விழுந்தா யாரும்மா பாக்க?"

அப்போதும் அதேதான். அவன் பயம் எனக்குப் புரியாமலில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் அவன். ஆனால் அவன் பயத்துக்கு என் வாசலைப் பெயர்த்தால் எப்படி.

மறுநாள் அவன் போனபிறகு, வீட்டை மாற்றின மிஸ்திரியை நானே வரச்சொன்னேன். என் பெங்காலி சந்தையில் பேசிப் பழகியது, மிஸ்திரிக்குப் போதும். பழைய அளவுக்கே ஒரு சாண் கட்டை, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டு, படி இருப்பது கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் போடச் சொன்னேன். சுவரில் நான் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. குளியலறையில் மாட்டுவார்களே அது. "மாஷிமா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றான். முதலில் யார் கேட்டது? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தாதா சரியென்றால் போட்டுவிடுகிறேன் என்று போய்விட்டான். தாதா, அதாவது அண்ணன், என்று அவன் சொல்வது என் மகனை.

மகனிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இன்றைக்குச் சனிக்கிழமை. இன்னும் யோசிக்கிறான்.

எழுதி முடித்துவிட்டேன். ஏட்டி, இங்கே வா. இவள் என் மகன் வயிற்றுப் பேத்தி, லீவுக்கு லீவு என்னிடம் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினவள். இந்த நோட்டைப் பிடி. என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மெதுவாகக் கூட்டி வாசி. இங்கே இல்லை, ஹாலுக்குப் போய் வாசி. உங்க அப்பா டி.வி.யை அணைத்தபிறகு ஆரம்பி. அவன் எழுந்தால் நீ நிறுத்தாதே.