சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த குழம்பு

பிரான்சிலிருந்து மகன் வருகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பிறகு அவன் போன் பண்ணி, இந்த வருஷமும் முடியாது என்று சொல்லிவிட்டான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

போன தடவை அவன் மாட்டிவிட்டுப் போன பெரிய டிவி கூடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு எதையோ அமுக்கினேன். கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய இங்கிலீஷ் படம் வந்தது. எனக்குக் கையெழுத்துப் போடவும், பஸ் பேரை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியும். இங்கிலீஷ் எங்கே தெரியும்? சரி, வீட்டில் ஏதோ ஒரு குரல் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படத்தில் ஒரு பெரிய கடை. பாண்டிச்சேரியில் மாடி மாடியாகத் துணிக்கடை இருக்கிறதே, அந்த மாதிரி. ஆனால் பீங்கான், பொம்மை, கட்டில் எல்லாம் அந்த ஒரே கடையில். அதில் வேலை செய்கிற ஒரு குட்டை மனுஷன், முதலாளிக்குக் குனிந்து சலாம் போட்டு நிமிர்ந்தான். முதுகு இடித்து, அடுக்கி வைத்த தட்டெல்லாம் சரிந்தது. தட்டைப் பிடிக்கப் போய் ஏணியைத் தள்ளினான். ஏணியைப் பிடிக்கப் போய் முதலாளியைத் தள்ளினான். சேலைக்கடை பொம்மை மாதிரி கவுன் மாட்டி நிற்க வைத்திருந்த பொம்மை ஒன்று அவன்மேல் சாய்ந்தது. அவன் தொப்பியைக் கழற்றி அதனிடம் மன்னிப்புக் கேட்டான்.

எனக்குப் புரையேறிவிட்டது. அப்படிச் சிரித்தேன். என் சிரிப்பு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பக்கத்துப் பாகத்தில் என் ஓரகத்தி இருக்கிறாள், என் கொழுந்தன் பெண்சாதி. பாகம் பிரித்துச் சுவர் வைத்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்தால், சண்டையோ சமாதானமோ, முதல் வேளைக் குழம்பு பங்காளி வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் அவள் குழம்புத் தூக்குவாளியோடு நின்றாள்.

"எங்கக்கா நம்ம பையன்? வெள்ளக்கார மருமவளும் வந்துகிறாளா? இங்கிலீசு கேட்டுச்சு. உன் சிரிப்பு தெருக்கோடி வரிக்கும் கேக்குது."

தூங்குகிறான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் கண் அதற்குள் வாசலில் கிடந்த செருப்புக்குப் போய்விட்டது. என் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

"வரலடி. இந்த வருஷம் வரல. அது டிவி."

குத்திக்காட்டப் போகிறாள் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"டிவிய பாத்துக்கினா இப்டி சிரிச்ச? இன்னாக்கா, பைத்தியமா உனுக்கு?"

"நீயே வந்து பாரு, அந்தக் குட்டையன் பண்றத."

அவள் நிலைப்படிக்கு உட்புறமாக, தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குட்டையன் மறுபடியும் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தான்.

"ஐயோ, அத்த தொடாதடா பாவி!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். அவன் தொட்டான். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தோம். சுவரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

படம் முடிந்ததும் எழுந்தாள். தூக்கைக் காட்டி, "அவன் வரல இல்ல, எடுத்துக்கினு போ" என்றேன்.

"கொண்டாந்த கொளம்ப எவளாவது திரும்ப எடுத்துக்கினு போவாளா? துன்னு" என்று வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாய்ந்தது. டிவியை நிறுத்தியதும் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். தூக்கைத் திறந்தேன். நாலு பேருக்குக் காணும் கோழிக்குழம்பு. மகனுக்குச் சின்ன வயசிலிருந்தே ஈரல் என்றால் உயிர். அதைத் தனியாகப் பொறுக்கி மேலே வைத்திருந்தாள்.

அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிட்டேன். அப்புறம் அதையும் நானே சாப்பிட்டேன்.