தாலியை என் கழுத்தில் போட்டுவிட்டு உள்ளே போனவள்

என் மனைவி தர்ஷினி போய்விட்டாள். நேற்றுக் காலை. இன்று பின்னேரம் அடக்கம் முடிந்தது.

எனக்குப் போன் எடுத்தவர்கள் மன்னிக்கவும்... பேச வரவில்லை. எழுத மட்டும் வருகிறது.

ஈரலில் கேன்சர் என்றதும் வயிற்றைக் கிழிப்பார்கள் என்றுதான் நினைத்தோம். டொக்டர் தொடையில் சின்ன ஓட்டை ஒன்று போதும் என்றார்.

முதல் தடவை சிகிச்சை அறை வாசலிலேயே பிரச்சினை. கழுத்தில் உலோகம் ஒன்றும் இருக்கக் கூடாதாம். தர்ஷி அசையவில்லை.

"கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது மிஸ். செத்தாலும் கழட்ட மாட்டேன்."

அந்தச் சிங்கள நர்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, காயம் கட்டும் துணியில் ஒரு கீற்றுக் கிழித்துக் கொடுத்தார். தர்ஷி பையிலிருந்த மஞ்சள் கிழங்குத் துண்டை அதில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தாலியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

"நான் வெளிய வர்ற வரைக்கும் நீங்க போட்டுக்கங்க."

நர்ஸ் சிரித்தார். "மாத்தயாட்ட ஹரிம லஸ்ஸனய்!"

"பாத்தீங்களா... என்னைவிட உங்களுக்குத்தான் அழகாம்."

நான் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் எலக்ட்ரீஷியன். அதைக் கேட்ட டொக்டர், முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். தொடையிலிருந்து முடி மாதிரி ஒரு குழாய். படத்தைப் பார்த்துப் பார்த்தே வளைத்து, ஈரலுக்குள் கொண்டுபோய், கட்டி இருக்கும் கிளையில் மட்டும் மருந்தை விட்டு, அதற்குப் போகும் இரத்தத்தையும் அடைத்திருக்கிறார்.

சுவருக்குள் பைப்பில் வயர் இழுக்கிறவன் நான். ஒரு வளைவு வந்தாலே சுவரை உடைப்பேன். இந்த மனுஷன் உயிரோடு இருக்கிற ஒருத்திக்குள்... கை நடுங்காமல்.

தர்ஷி முழித்துக்கொண்டே எல்லாவற்றையும் டீவியில் பார்த்தாளாம். கொழுந்து பறிக்கிறவள் அல்லவா...

"கவ்வாத்து வெட்டாத தேயிலைச் செடி மாதிரி இருந்துச்சுங்க என் ஈரல். கெள கெளயா. மருந்து போட்டதும் ஒரு கெளய மட்டும் காணோம். என்னா நறுக்கு! நம்ம கங்காணி பாக்கணும்."

ஆறு மணித்தியாலம் காலை மடக்காமல் படுக்கச் சொன்னார்கள். படுத்தபடியே கையை நீட்டினாள். "எங்க என் தாலி?"

இப்படி மூன்று தடவை. அதில் கிடைத்த நாட்களில்தான் எங்கள் மகள் நடக்கப் பழகினாள். தர்ஷி அதைப் பார்த்தாள்.

நான்காவது தடவைக்கு ஈரல் தாங்காது என்றார் டொக்டர். எனக்கு உட்காரக் கதிரையைக் காட்டிவிட்டு, தான் நின்றுகொண்டே சொன்னார்.

போன கிழமை ஸ்கேனுக்குப் போகும்போதும் அதே துணிக் கீற்றைக் கட்டிக்கொண்டு, தாலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். வெளியே வந்தபோது கேட்கவில்லை. அவளுக்கு நினைவு தப்பியிருந்தது; பிறகு திரும்பவேயில்லை.

இன்று பெட்டியில் வைக்கும்போது அவள் கழுத்தில் அந்தத் துணிக் கீற்றும் மஞ்சளும்தான். அவளுடைய பெரியம்மா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி... புள்ளயோட தாலி எங்கய்யா?"

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். உள்ளே கிடந்த தாலியை எடுத்து அவள் கழுத்தில் போட்டேன்.

போய் வா தர்ஷி. இந்தத் தடவை எதையும் கழற்ற வேண்டாம்.