பேக்கப் சாரின் வீட்டுக்கு ஒரு பெட்டி

அலுவலகத்தில் அவரை எல்லோரும் பேக்கப் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் நிறுவனம் அது. அங்குள்ள கணினிகளில் இருக்கிற வரைபடங்களுக்கெல்லாம் தினமும் ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்துவது இவர் பொறுப்பு. காலையில் வந்ததும் முந்தைய நாள் அறிக்கையைத் திறப்பார். பச்சை எழுத்தில் 'வெற்றி' என்றிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் தேநீர் தொண்டையில் இறங்கும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் போன் போட்டு, "பச்சையா?" என்று கேட்கிற ஆசாமி. இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

பிறகு ஒரு நாள் வரைபடங்களையெல்லாம் வைத்திருந்த முதன்மைக் கணினி படுத்துவிட்டது. "கவலைப்படாதீங்க சார், எங்கிட்ட எல்லாம் இருக்கு" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் நகலைத் திறந்தார். ஃபோல்டர்கள் பெயரோடு வரிசையாக இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. எப்போதோ யாரோ கடவுச்சொல்லை மாற்றியதிலிருந்து அந்தப் பாழாய்ப்போன நகலெடுக்கும் நிரல் வெறும் ஃபோல்டர்களை மட்டும் நகலெடுத்து, தினமும் வெற்றி வெற்றி என்று அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. எடுத்த நகலிலிருந்து ஒரு வரைபடத்தையாவது மீட்டுப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. யாரும் கேட்கவில்லை, இவரும் பார்க்கவில்லை.

முதலாளி கத்தித் தொலைத்திருந்தாலாவது தேவலை. "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அன்றிலிருந்து மனிதருக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினாலும் ஒன்றுதான், குறைந்தாலும் ஒன்றுதான். சட்டையைக் கொடுத்தால் போட்டுக்கொள்வார். தன் மடிக்கணினியைப் போர்வைகளுக்கு அடியில் தள்ளி அலமாரியைச் சாத்தியவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. துக்கம் என்றால் அழுதாவது இருப்பார். அதுவும் இல்லை. ஜன்னலோரச் சோபாவில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரர் கார் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கார் போன பிறகும் பார்ப்பார்.

மனைவி வீட்டிலிருந்தபடியே துணி வெட்டும் அளவுகளைக் கணினியில் வரைந்து தையல் கடைகளுக்கு அனுப்புகிறவள். அந்தக் கணினி இரண்டு முறை பாதி வேலையில் நின்றுபோனது. ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, நம்ம வீட்டுலயும் பேக்கப் எடுக்க ஒரு ஏற்பாடு பண்ணணும். எல்லா கம்ப்யூட்டருக்கும் சேத்து ஒரே பெட்டி வாங்கி வச்சிடலாமா? இல்ல, மாசாமாசம் பணம் கட்டி இன்டர்நெட்ல போட்டு வைக்கலாமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

இரண்டும் ஒன்றில்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. பழைய ஆளாக இருந்தால் எத்தனை டிஸ்க், திருடு போனால் என்ன, தீப்பிடித்தால் என்ன என்று தட்டு காய்கிறவரை பேசித் தீர்த்திருப்பார். இப்போது தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பிக்காரன் ஒரு பெரிய கடையில் ஃபிரிட்ஜ் விற்கிறான். ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டால் பாதி தெரியும், மற்றதைப் பற்றிக் கேட்டால் முழுக்கத் தெரியும். மறுவாரமே ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து இறங்கினான். செருப்பு அலமாரியின் மேல் வைத்து, வீட்டு இணையத்தோடு வயரைச் செருகி, மனைவியின் கணினியையும் மகளின் கணினியையும் அதோடு சேர்த்தான்.

"ரெண்டு டிஸ்க் மாமா. ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும். தினம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா ஓடும். கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ, அதேதான் பெட்டியிலயும் இருக்கும். அச்சு அசலா அப்படியே."

அப்படியே என்றால் அழித்தாலும் அப்படியேவா என்று அவருக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்பதற்குத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பும் வலிக்கவில்லை. மைத்துனன் ஒரு தட்டு பலகாரத்தைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள். இது கடைசி வருடம். பேருந்தில் மறந்துபோன குடை ஒன்று வீடு திரும்புவதைப் பற்றி ஒரு படம், வருடம் முழுக்க மாங்கு மாங்கென்று உட்கார்ந்து வரைந்தது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, கடைசி சீனைச் சேக்கறதுக்கு கம்ப்யூட்டர்ல இடமே இல்ல. முடிச்ச சீனெல்லாம் அழிச்சிட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். அதான் பெட்டியில பத்திரமா இருக்கே."

"நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாகப் போகிறது. கையிலிருந்த தேநீரை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து போய், பெட்டியின் பின்னாலிருந்த இணைய வயரைப் பிடுங்கினார். மின்சார வயரைத் தொடவில்லை, அதைப் பிடுங்கினால் டிஸ்க் கெடலாம். கை அதுவாகவே சரியான வயரைத் தேடிப் போயிருந்தது.

"என்னங்க, என்ன பண்றீங்க?" மனைவி பதறிப்போய் வந்தாள்.

"ஆறு மணிக்கு இது அவ கம்ப்யூட்டரைப் பாக்கும். அங்க படம் இல்லேன்னா இங்கயும் அழிச்சிடும். ரெண்டு டிஸ்க்லயும்."

பல மாதங்களுக்குப் பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, இப்போ இருக்கா? உள்ள இருக்கா?"

"தெரியாது." பெட்டியிலிருந்து கையை எடுத்தார். "மாமாவைக் கூப்பிடு, வந்து பாக்கட்டும்."

"அவன் ஃபிரிட்ஜ் விக்கிறவன்" என்றாள் மனைவி. "நீங்க உக்காருங்க."

மகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கணினியிலேயே அந்த ஆறு மணி வேலையை நிறுத்தினார். வயரை மறுபடி செருகச் சொன்னார். பெட்டியைத் திறந்ததும் ஃபோல்டர்கள் பெயரோடு வரிசையாக வந்து நின்றன. சீன் ஒன்று, சீன் இரண்டு, சீன் மூன்று. அவர் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஏதோ ஒன்று உறைத்தது என்றால் அப்போதுதான்.

"திறங்கப்பா" என்றாள் மகள்.

திறந்தார். உள்ளே கோப்புகள் இருந்தன. அதைப் பார்த்து மகள் மூச்சு விட்டாள், அவர் விடவில்லை. எல்லாவற்றையும் அவளுடைய கணினிக்கு நகலெடுத்து, முதல் காட்சியை ஓடவிட்டார். மழை பெய்தது, பேருந்து வந்தது, ஒரு குடை காலியான இருக்கையில் கிடந்தது. அடுத்ததையும் ஓடவிட்டார். ஒன்றையும் விடவில்லை. மகள் போதும்பா என்றபோதும், "இரும்மா, இன்னும் இருக்கு" என்று கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். எல்லாமே இருந்தன.

மகளுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

"அவ்ளோதானாப்பா? திறந்து பாக்கறது இவ்ளோ ஈஸியா?"

"அவ்ளோதாம்மா" என்றார்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். ஆபீஸ்ல ஒரு நாள் சாயங்காலம் உக்காந்து திறந்து பாத்திருந்தாப் போதும். ஒரே ஒரு நாள்..."

அவர் தோள் குலுங்கியது. மகள் பயந்துபோய், "அப்பா, அதான் எல்லாம் கெடச்சிடுச்சே, எதுக்கு அழறீங்க?" என்று அவர் முகத்தைத் திருப்பப் பார்த்தாள்.

மனைவி அவள் கையைப் பிடித்து விலக்கினாள். "விடும்மா" என்றாள். "அழட்டும்."