ரோச்சும் ஐந்து வோல்ட்டும்

தூத்துக்குடியில் கப்பலுக்குப் போய்வரும் ஆட்கள் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதற்குள் வெளிநாட்டுச் சாமான் இருக்கும். ரோச் வீட்டு அலமாரியிலும் இருந்தது. எல்லாம் செத்துப்போனவை. ஜப்பான் மிக்ஸி நூறு வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே சுவரிலிருந்து வந்ததோ இருநூற்று முப்பது. ஒரு உறுமல், ஒரு புகை, அதோடு சரி. அமெரிக்க இஸ்திரிப்பெட்டி தனியாகப் போகாமல் ரோச்சின் கல்யாண வேட்டியையும் கூட்டிக்கொண்டு போனது.

இத்தனைக்கும் ரோச் கப்பலில் ரேடியோ ஆபீசர். விடுமுறையில் வந்தாலும் விரல் மேசையில் தந்தி அடித்துக்கொண்டே இருப்பதால் தெருவில் 'பீப்பி ரோச்' என்றால்தான் தெரியும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கப்பலில் ஒரு வயரைத் தொடமாட்டான். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தப் புத்தி கரையேறாது. பெட்டியைத் திறந்த மறு நொடி மனைவி கிளாடிஸின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். அந்த அவசரத்தில் பிளக்கைச் சொருகிவிடுவான்.

1978 விடுமுறையில் அவன் பெட்டியிலிருந்து எடுத்தது ஒரு பச்சைப் பலகை. மேலே கரப்பான் பூச்சிகளைப் போலக் கறுப்பு ஐ.சி.கள், ஒரு ஓரத்தில் பொத்தான்கள், ஆறு சின்னக் கண்ணாடிக் கட்டங்கள். கிளாடிஸ் குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது என்னத்த அரைக்கும்?"

"அரைக்காதுளா. கம்ப்யூட்டர். நாம சொல்லுதத எல்லாம் செய்யும்."

"சொன்னதச் செய்யதுக்கு வீட்டுல நான் ஒருத்தி இருக்கது போதாதாக்கும்." அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "இதும் புகஞ்சுதுன்னா இனிமே நீங்க ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம். கைய வீசிட்டு வாங்க, போதும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ரோச்சுக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்கில் கடலில் கிடப்பவன், துறைமுகத்துக்குத் துறைமுகம் கடை ஏறி இறங்குவதே அவளுக்கு ஒன்று வாங்கத்தான். அதையும் நிறுத்தச் சொன்னால் கரையில் இறங்கி அவன் என்ன செய்வான்?

பலகையோடு மின்சாரப் பெட்டி எதுவும் வரவில்லை. ஐந்து வோல்ட் வெளியிலிருந்து கொடு, கூடினால் நான் பொறுப்பில்லை என்று புத்தகம் சொன்னது. ரேடியோ ரிப்பேர் கடை அற்புதமணியிடம் ரோச், சுவர் கரண்டை பேட்டரி அளவுக்கு இறக்கித் தரும் எலிமினேட்டர் ஒன்று வாங்கிவந்தான். ஆறு வோல்ட் என்று எழுதியிருந்தது. ஒரு வோல்ட்டைக் குறைக்க இரண்டு டயோடும் கோத்தான். மீட்டரோ கப்பலில் இருந்தது. வயரைப் பலகையில் வைக்கப்போன நேரம் கிளாடிஸ் அவன் கையைப் பிடித்தாள்.

"மொதல்ல வேற எதுலயாவது வச்சுப் பாருங்க. கொழம்ப விருந்தாளிக்கு ஊத்திட்டா உப்புப் பாக்காவ?"

அவன் சைக்கிள் முன்விளக்கைக் கழற்றி பல்பை எடுத்துவந்து கொடுத்தாள்.

"இது ஆறு வோல்ட் பல்பு, அஞ்சுல மங்கலாத்தான் எரியும்" என்று சொல்லிக்கொண்டே ரோச் வயரை வைத்தான். பல்பு வெள்ளையாகப் பளிச்சிட்டுக் கறுத்துப்போனது.

ரோச் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பலகை அவன் மடியில் பத்திரமாக இருந்தது. கிளாடிஸ் குசினிக்குப் போனாள்.

"பல்பு பொசுங்கிட்டு. ஒம்பது வோல்ட்டுக்கு மேல வரும்போல அண்ணாச்சி" என்று கடையில் போய் நின்றான்.

"வரட்டுமே. ரேடியோப்பெட்டி என்னைக்காவது கொறை சொல்லிச்சா? பாடிக்கிட்டுதானல இருக்கு. ஒம் பலகைக்குத்தான் வெள்ளக்காரன் வயிறு" என்றார் அற்புதமணி.

வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் ஐந்தை மட்டுமே விடும் மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று வேண்டும். அதற்கு ரோச் புதுத் துறைமுகத்தில் வந்து கட்டியிருந்த கப்பலுக்குப் போனான். அதன் ரேடியோ ஆபீசர், ஸ்ரீவைகுண்டத்து ஐயங்கார் சுதர்சனம், அவனோடு மெட்ராஸில் படித்தவன். கையோடு ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுபோயிருந்தான்.

"இதுல முட்டை உண்டோடா?"

"வெள்ளைக்கரு மட்டும்."

"நான் கேக்கவே இல்லை, நீ சொல்லவும் இல்லை" என்று சுதர்சனம் கதவைச் சாத்திவிட்டு இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துக் கொடுத்தான்.

இன்னொரு தொல்லை இருந்தது. கரண்ட் ஒரு நொடி போனாலும், பலகைக்குச் சொல்லிவைத்தது எல்லாம் அதற்கு மறந்துவிடும். ஆகவே அற்புதமணியின் மைக்செட் பேட்டரியும் சார்ஜரும் வீட்டுக்கு வந்தன. சுவர் கைவிட்டாலும் பேட்டரி தாங்கும். ரெகுலேட்டர் கொதிக்கும், அதன் சூட்டை இழுக்க அலுமினியம் வேண்டும் என்றான் ரோச். இட்லிக் கொப்பரை மூடியைக் கிளாடிஸே கொண்டுவந்து நீட்டினாள். "ஓட்டை போட்டுக்கிடுங்க. இட்லிக்குத் தட்டு வச்சு மூடிக்கிடுதேன்."

இந்த முறை பல்பு வைக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புது பல்பு மஞ்சளாக, அடக்கமாக எரிந்தது. பிறகு பலகை. ஆறு கட்டங்களிலும் சிவப்பு எழுத்து எரிந்தது. இருவரும் புகைக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

சாயங்காலம் முழுக்க, பலகைக்குச் சொல்ல வேண்டியதை அவன் எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்து அவள் வாசிக்க, அவன் பொத்தானை அழுத்தினான். ஒரு இடத்தில் தப்பாகி மறுபடி முதலிலிருந்து. கடைசியில் எண்கள் ஓட ஆரம்பித்தன: மணி, நிமிடம், நொடி.

"லண்டன் நேரம். கப்பல்ல நாங்க இத வச்சுத்தான் வேலை பாக்கோம்."

"இதுக்கு ஒரு டைம்பீஸ் போதுமே" என்று அவள் சொல்லி வாய் மூடுமுன் எண்கள் பொசுக்கென்று அணைந்தன.

கிளாடிஸ் மூக்கை உறிஞ்சி வாசம் பார்த்தாள். மூடியைத் தொட்டுப் பார்த்தாள். ரோச் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண் கலங்கப்போவதைக் கண்டதும்தான் தன் குறும்பு அளவு மீறியது புரிந்தது.

"அழாதளா. நான்தான் அப்பிடிச் செய்யச் சொல்லியிருக்கேன். ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு தடவை, பதினஞ்சாம் நிமிசமும் நாப்பத்தஞ்சாம் நிமிசமும், மும்மூணு நிமிசம். அந்த நேரம் எந்தக் கடல்லயும் எந்தக் கப்பலும் ஆபத்துக்குன்னு வச்சிருக்க ரேடியோ அலையில தந்தி அடிக்காது. எவனாவது முங்குதான்னா அவன் கூப்பாடு கேக்கணும்லா. காவல்ல இருந்தா நானும் காத வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன்."

எண்கள் திரும்பி வந்தன. அவன் தோளில் ஒரு குத்து விழுந்தது, கொஞ்சம் பலமாகவே.

அவன் புறப்பட்ட நாளில் தெருவில் கரண்ட் இல்லை. பேட்டரியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் வழியனுப்ப வந்தவள், தன் மருமகளின் குற்றங்களை வரிசையாக எடுத்துவைத்தாள். வாசலில் ரிக்‌ஷாக்காரர் மணியடித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோச் நிமிர்ந்த சமயம் எண்கள் அணைந்தன.

"மூணு நிமிசம் பேசாம இருங்கக்கா" என்றாள் கிளாடிஸ்.

அந்தோணியம்மாள் திறந்த வாயை மூடவும் மறந்து நின்றாள். ரோச் பெட்டியைக் கீழே வைத்தான். ரிக்‌ஷாக்காரர் கூட ஏதோ ஜெபம் என்று நினைத்துத் தலைத்துண்டை அவிழ்த்தார்.

எண்கள் வந்ததும் கிளாடிஸ் கேட்டாள். "பேட்டரிக்கு எப்பப்போ தண்ணி ஊத்தணும்?"

"உள்ள தண்ணிக்கு மேல தகடு தெரிஞ்சா ஊத்து. தண்ணி அற்புதமணி அண்ணாச்சி குடுப்பாரு."

"சரி." அவள் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். "அடுத்த தடவை எது வாங்குனாலும் வோல்ட்டப் பாத்து வாங்குங்க."