போலந்துக் கொல்லன்

வரலாற்றுக் கதை என்றால் எனக்குப் பைத்தியம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, தைத்து, அட்டை போட்டு வைக்கும் வீட்டில் பிறந்தவள் நான். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். என்னைவிட இளையவளான ஒரு போலந்துக்காரி வந்து மறுபடியும் பிடிக்க வைத்தாள்.

படுக்கை விரிப்பை இஸ்திரி உருளைக்குள் விட இரண்டு பேர் வேண்டும். ஒரு மூலை அவள் கையில், மறு மூலை என் கையில். உருளை போடும் சத்தத்தில் கத்தித்தான் கதைக்க வேண்டும். அப்படிக் கத்திக் கத்தியே ஒரு பெரிய நாவலை நாளுக்குக் கொஞ்சமாக எனக்குச் சொன்னாள். அவர்கள் ஊரில் அந்தப் புத்தகம் இல்லாத வீடே இல்லையாம். பழைய காலத்துச் சண்டை, குதிரைப்படை, பனிவெளி, எதிரி தூக்கிக்கொண்டு போன பெண், அவளைத் தேடிப் புறப்பட்ட வீரன். நாங்கள் பேசியது டேனிஷ். அவளுடைய டேனிஷும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் அவள் பேசியதெல்லாம் எங்கள் ஊர்த் தமிழில்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

கதாநாயகனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. வாயைத் திறந்தால் சபதம்.

"சபதம் போட்டது காணும், இனி அந்தப் பெட்டையைப் போய்த் தேடச் சொல்லு!" என்று உருளைக்கு மேலால் கத்துவேன்.

எனக்குப் பிடித்தவன் அவனோடு கூடப் போகும் கொல்லன். குதிரைக்கு லாடம் அடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. மற்றபடி வாய் நிறைய முறைப்பாடு. சூப்பில் உப்பில்லை, குளிர் எலும்பைத் தின்கிறது, இந்த ராசாக்களுக்கு வேறு வேலை இல்லை. அசல் என் மனுசன்! பஸ் கொஞ்சம் பிந்தினால் டென்மார்க் முழுவதையும் திட்டித் தீர்ப்பார். ஆனால் யார் வீட்டிலாவது குழாய் ஒழுகுகிறது என்றால் முதல் ஆளாக ஓடுவதும் அவர்தான்.

அந்த மனுசன் ஒருநாள் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள். செய்த பிறகும் கண் விழிக்கவில்லை. பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பகலில் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்று வேலைக்குப் போனேன்.

கதை அப்போது கோட்டை முற்றுகையில் நின்றது. உள்ளே சாப்பாடு முடிந்துவிட்டது. மதில் ஓரிடத்தில் உடைந்துவிட்டது. குண்டு விழ விழ அதை அடைக்கப் போனவன் கொல்லன்.

கோயிலில் பூ வைத்துப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு பொட்டலத்தை எடுத்தால், நினைத்தது நடக்குமா இல்லையா என்று தெரிந்துவிடும். எனக்கிருந்த நிலைமையில் பூவுக்கும் கோயிலுக்கும் எங்கே போவேன்? கையில் இருந்தது அந்தக் கதைதான். விரிப்பைப் பிடித்தபடியே அவளிடம் கேட்டுவிட்டேன்.

"கொல்லன் தப்பினால் என்ர மனுசனும் தப்புவார். அப்பிடித்தான் நினைச்சிருக்கிறன். சொல்லு, தப்புவானோ?"

அவள் கை நின்றுவிட்டது. விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சுருண்டது. உருளையை நிறுத்த வேண்டியதாயிற்று. மேற்பார்வையாளர் வந்து முறைத்துவிட்டுப் போனார். மறுபடி உருளை ஓடத் தொடங்கிய பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"தப்புவான். காயம்தான். ஆனால் தப்புவான்."

மனுசன் கண் விழித்தார். முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்து, இந்தக் கட்டில் ஏன் இப்படிக் கீச்சிடுகிறது என்று முறைப்பாடு. முருகா, அந்த முறைப்பாட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது!

அதன்பிறகும் கதை வாரக்கணக்கில் ஓடியது. வீரன் பெண்ணைக் கண்டுபிடித்ததைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. "கொல்லன் என்ன செய்தவன்?" என்றுதான் நாளும் பொழுதும் நச்சரித்தேன். அவளும் சலிக்காமல் சொன்னாள். காயம் ஆறிய கொல்லன் பனிக்குள் வழி தவறினான். ஒரு விதவை அவனுக்குச் சாப்பாடு போட்டாள். சூப்பில் உப்பில்லை என்று அவளோடு சண்டை பிடித்தான், பிறகு அவளையே கட்டினான். கடைசியில் இருவரும் ஆற்றங்கரையில் பட்டறை போட்டார்கள். அவ்வளவு நிறைவான முடிவை நான் எந்தத் தொடர்கதையிலும் வாசித்ததில்லை.

தேறி வந்து வீட்டில் சும்மா இருந்த மனுசனுக்கு அந்த நாவலின் டேனிஷ் மொழிபெயர்ப்பை நூலகத்தில் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பின்னேரம் புத்தகமும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சேரும், உம்மட கொல்லன் செத்துப்போனான்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. அவனுக்குக் காயம்தான்."

"காயமோ? மதிலடியிலேயே முடிஞ்சுது. குழி வெட்டித் தாட்டும் போட்டாங்கள்."

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. மிச்சப் பக்கமெல்லாம் புரட்டினேன். விதவையும் இல்லை, பட்டறையும் இல்லை. அடுப்பில் கறி அடிப்பிடித்தது. மனுசன் அதற்கும் முறைப்பட்டார்.

மறுநாள் உருளைக்கு முன்னால் வைத்தே அவளைப் பிடித்தேன்.

"எடி கள்ளி! செத்தவனுக்கோ நீ கலியாணம் கட்டி வைச்சனி?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒவ்வொரு நாளும் நீ கேக்கக் கேக்க நான் என்ன செய்யிறது? பஸ்ஸில வரேக்க யோசிச்சு யோசிச்சு வருவன்."

நானும் சிரித்தேன். ஆனால் இரவு முழுக்க நெஞ்சுக்குள் கிடந்த ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்ர மனுசன் அண்டைக்குத் தப்பாமல் விட்டிருந்தால்? அதுக்குப் பிறகு என்ன சொல்லியிருப்பாய்?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். விரிப்பின் மூலையை எடுத்து என் கையில் தந்தாள்.

"அப்பவும் கொல்லனைச் சாகவிட்டிருக்க மாட்டன்," என்றாள். "அப்பதானே உனக்கு அவன் கட்டாயம் வேணும்."