கம்பெனி பஸ்ஸில் தூங்கியவள்

கம்பெனி பஸ்ஸில் ஏறியும் தூங்காத ஆளை நம்பக் கூடாது என்று நாங்கள் கேலி பேசுவதுண்டு. முதல் ஷிப்டுக்கு வல்லக்கோட்டையில் பஸ் வரும்போது விடிந்திருக்காது. ஏறியதும் துப்பட்டாவை முகத்தில் போர்த்திக்கொண்டு சாய்ந்தால், இருங்காட்டுக்கோட்டையில் கேட் வந்து ஐடி கார்டைத் தேடும்போதுதான் கண் திறப்போம். கார் சீட்டுக்கு உறை தைக்கும் வேலை எங்களுக்கு. ஊரார் சாய்ந்து உட்கார நாள் முழுக்கத் தைக்கிற எங்களுக்குச் சாய்ந்து உட்காரக் கிடைப்பது அந்த பஸ்ஸில் மட்டும்தான்.

அவள் மட்டும் தூங்க மாட்டாள். அவள் என் தெருக்காரி. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், பஸ்ஸில் எப்போதும் ஜன்னலோரம் என் பக்கத்தில் உட்காருகிறவள். அவளுக்குத் தெரியாமல் ரோட்டில் ஒரு டீக்கடைகூட முளைத்துவிடக் கூடாது. "இந்தாடி, இங்க இருந்த புளியமரத்த வெட்டிட்டானுங்க" என்று இருட்டிலேயே கண்டுபிடித்துச் சொல்வாள். நான் அவள் தோளில் சாய்ந்து 'உம்' கொட்டிக்கொண்டே தூங்கிப்போவேன். நல்ல சதைப்பிடிப்பான தோள். தலையணை வாங்கும் செலவு மிச்சம் என்று சொன்னால் இடுப்பில் கிள்ளுவாள்.

அந்தத் தோளில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான், ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற ட்ரெய்லர் லாரியின் பின்னால் எங்கள் பஸ் மோதியது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடது பக்கம் முழுக்கக் கிழிந்துபோனது. கண் விழித்தபோது மடியெல்லாம் கண்ணாடித் தூள். என் தலை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. எனக்குக் காறை எலும்பும் விலா எலும்பும் முறிந்தன. அவள் அங்கேயே போய்விட்டாள். அவளை எடுத்த அன்று நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

நான் முழித்திருந்தால் அவள் இருந்திருப்பாள். இந்த எண்ணம் எனக்கு அந்தக் கட்டிலிலேயே வந்துவிட்டது. வந்தது போகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "உன் தப்பு இல்லம்மா" என்றார்கள். நான் என் வாயால் எதுவும் சொல்லாதபோதே அப்படிச் சொன்னார்கள். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. குழந்தை பயந்தால் செய்வதுபோல வீட்டுக்காரர் என்னை வல்லக்கோட்டை முருகனிடம் கூட்டிப்போய் விபூதி பூசிக் கூட்டிவந்தார். கும்பிட்டேன். முருகன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தூங்கியது நான்தானே. அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அந்தப் பக்கம் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போவேன்.

எலும்பு கூடியதும் வேலைக்குத் திரும்பினேன். வீட்டுக்காரருக்கும் மாறி மாறி ஷிப்ட், வண்டியில் கொண்டுபோய் விட முடியாது. பஸ்ஸை விட்டால் எனக்கு வேலை இல்லை. ஏறினேன், ஆனால் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தூங்க, நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவேன். கண் எரியும், கழுத்து இரும்பாகிவிடும். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால், "அண்ணே, லாரி! அண்ணே, பிரேக்கு!" என்று கத்துவேன். அவர் புது டிரைவர், பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டல்லவா.

"எம்மா, வண்டிய நா ஓட்றனா, நீ ஓட்றியா?" என்பார். "நீ கத்தறதுலயே எனக்குக் கையி ஒதறுது."

எனக்கு அவர் மேல் கோபம் வரும். இந்த மனிதரையும் சேர்த்துத்தானே காப்பாற்றுகிறேன், ஒரு நன்றிகூட இல்லையே என்று நினைப்பேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் பெரும்புதூர் தாண்டி ஒரு மாடு ரோட்டோரம் சும்மா நின்றுகொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் பிரேக்கை அழுத்திவிட்டார். எதிரே ஒன்றுமில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வாய் முன்சீட்டுக் கம்பியில் மோதி உதடு கிழிந்தது. ராமநாதபுரத்துப் பக்கம் ஊர், ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்கு வருகிறவள். தையல் போட்ட உதட்டோடு என்னிடமே வந்து, "பரவால்லக்கா, நீங்க வெசனப்படாதீக" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பஸ்களைக் கவனிக்கும் அதிகாரி கூப்பிட்டு, இது தொடர்ந்தால் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவரில்லை. முதலுதவி அறை நர்ஸ்தான் பெரும்புதூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வரும் மனநல ஆலோசகரைப் பற்றிச் சொன்னாள். அந்த ஆலோசகர், எனக்குக் கல்யாணம் சீக்கிரமே ஆகியிருந்தால் என் மகள் வயதிருக்கும் ஒரு பெண். நான் 'டாக்டரம்மா' என்பேன். "நான் டாக்டர் இல்லக்கா" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவாள்.

அவளிடம் எனக்கு முதலில் பிடித்த ஒரே விஷயம், 'உன் தப்பு இல்லை' என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிடிக்காத விஷயம், கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த விபத்துக்கு என்ன காரணம் என்று நீங்கள் நம்புகிறீர்கள் என்றாள். நான் தூங்கியதுதான் என்றேன். தலையில் அடித்துக்கொள்வாள் என்று பார்த்தால், "சரி, அதையே பாக்கலாம்" என்றாள். பெரிய ஆபத்துக்குப் பிறகு சில எண்ணங்கள் மனதில் சிக்கிக்கொள்ளும், அதைத் தாண்டி எதுவும் நகராது என்று விளக்கினாள். எனக்கு அது உடனே விளங்கியது. மிஷினில் அடிநூல் சிக்கினாலும் மேலே தையல் ஓடுவதுபோலத்தான் தெரியும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் பந்தாகக் கிடக்கும்.

"முழிச்சிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

"கத்தியிருப்பேன்."

"எங்க உக்காந்திருந்தீங்க?"

"பின் சக்கரத்துக்கு மேல."

"அங்கேருந்து முன்னாடி ரோடு தெரியுமா?"

தெரியாது. அங்கிருந்து தெரிவது முன்சீட்டின் முதுகும் தலைகளும்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. எழுந்து நின்று பார்த்திருப்பேன் என்றேன். "தினமும் எந்திரிச்சு நின்னுதான் போவீங்களா?" என்றாள். கேள்வி கேட்டே கொல்கிறாள் என்று வீட்டில் வந்து புலம்பினேன். இன்னொரு நாள், "இந்த ரோட்டுல எவ்வளவோ கம்பெனி பஸ் ஓடுதே, நீங்க ஏறாத பஸ்ஸெல்லாம் எப்படிப் போய்ச் சேருது?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் அவள் மேல் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கையில்தான் அடுத்த முறை விபத்து நடந்த காலையை முதலிலிருந்து கடைசிவரை அவளிடம் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் மெதுவாக, "உங்க ஃப்ரெண்ட் அப்ப தூங்கிட்டு இருந்தாங்களா?" என்றாள்.

"அவ எங்க தூங்குவா? வேடிக்க பாத்துகினு வந்தா."

"அப்ப ஒருத்தர் முழிச்சிருந்தாங்க. உங்க பக்கத்துலயே, ஜன்னலோரமா. அவங்க ஏன் கத்தல?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். "செத்துப்போனவள ஏன் இழுக்கற? அந்த இருட்டுல அவளுக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சாதான் அவ இன்னா பண்ணுவா, பாவம்? அவ மேல பழி போடுவியா நீ?"

அவள் பயந்துபோன மாதிரித் தெரியவில்லை. என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் கடைசியாகப் பேசியது நான்தான், பேசியது என் காதிலேயே இருந்தது. முழித்திருந்தவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சண்டை பிடிக்கிறேன். தூங்கியவளை மட்டும் தினமும் தூக்கில் போடுகிறேன். இது எந்த ஊர் நியாயம்? நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். "இன்னிக்கிப் போதும்க்கா, தண்ணி குடிங்க" என்றாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மண்டைக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. காலையில் பஸ்ஸில் கால் வைத்தால் கண் தானாக ரோட்டுக்குப் போகும். பேசினால் மட்டும் போதாது, உங்கள் எண்ணம் சரியா தவறா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றாள் அந்தப் பெண். மதியம் ஷிப்ட் முடிந்து, வெளிச்சத்தில் திரும்பும் பஸ்ஸில் ஆரம்பித்தோம். முதலில் முதல் சீட்டை விட்டுப் பின்னால் போய் உட்கார வேண்டும். அடுத்து, ஒரு பாலத்திலிருந்து அடுத்த சிக்னல்வரை கண்ணை மூட வேண்டும். மூடினால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மோதும் என்றேன். மோதவில்லை. கொஞ்ச நேரம்தானே மூடினேன், அதனால் தப்பித்தோம் என்று வாதாடினேன். அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம் மூடிப் பாருங்கள் என்றாள். எனக்குப் பதிலாக ரோட்டைப் பார்க்க வேறு யாரையாவது உட்காரவைத்துவிட்டுக் கண் மூடலாமா என்று கேட்டேன். அது காவலுக்கு ஆள் மாற்றுவது, காவலை விடுவதாகாது என்று சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி.

அந்த நாள்களில் டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "இன்னாமா, சத்தத்தயே காணோம், ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றார்.

"வண்டிய நீயே ஓட்டுண்ணே" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

ஆனாலும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழித்திருந்தேன். சில நாள் கையை இறுக்கி மூடியதில் உள்ளங்கையில் நகம் பதிந்திருக்கும். தூங்கிவிட்டால் அவளை இரண்டாவது முறையாகக் கைவிட்டதாகிவிடும் என்ற நினைப்பு எங்கோ அடியில் இருந்தது. அதையும் ஆலோசகரிடம் சொன்னேன். "நீங்க தூங்கினா அவங்க என்ன சொல்லுவாங்க?" என்றாள். என்ன சொல்வாள், எச்சில் ஒழுகுது துடைச்சிக்கோ என்பாள்.

ஒரு கிருத்திகை நாள். வேலை அதிகம், சாப்பிட்டது அதிகம், வெயிலும் அதிகம். உதட்டில் தையல் போட்ட பெண் ஜன்னலோரம், பக்கத்தில் நான். பெரும்புதூர் கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது வரை நினைவிருக்கிறது. பிறகு யாரோ என் கையைத் தொட்டார்கள்.

"அக்கா, ஒரகடம் வந்திருச்சு. நீங்க எறங்கலயா?"

பஸ், நான் இறங்க வேண்டிய வல்லக்கோட்டையைத் தாண்டி ஒரகடம் மேம்பாலத்துக்கே வந்துவிட்டிருந்தது. அவள் தோளில் என் தலையெண்ணெய் ஈரம். ஏன்டி எழுப்பவில்லை என்று கேட்டேன்.

"நல்லா ஒறங்கிட்டு இருந்தீக. எழுப்ப மனசு வரலக்கா."

இறங்கியதும் அந்தப் பெண் தன் ரூமுக்கு நடந்தாள், நான் மேம்பாலத்து நிழலில் நின்றேன். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது. யாரும் காவல் காக்கவில்லை, ஆனாலும் பஸ் வந்து சேர்ந்துவிட்டது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கிருத்திகைக்கு முருகன் கோயிலில் அவ்வளவு கூட்டம் நின்றும், சொந்த ஊரைத் தாண்டுவதுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறேன். இதை என் தெருக்காரியிடம் சொன்னால் தெருவுக்கே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், ஒரு வாரம் என்னை விட மாட்டாள் என்று நினைத்து, சொல்வதற்காகவே பக்கத்தில் திரும்பிவிட்டேன்.

பக்கத்தில் யாரும் இல்லை.

அங்கேயே அழுதேன். அதற்கு முன்பும் நிறைய அழுதிருக்கிறேன், அதெல்லாம் நான் தூங்கியதற்கு. அவள் இல்லை என்பதற்காக அழுதது அன்றுதான் முதல் தடவை. ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று, "வல்லக்கோட்ட, வல்லக்கோட்ட... ஏறுமா" என்றது. நீ போ என்று கையைக் காட்டினேன். அவளுக்காக இன்னும் கொஞ்ச நேரம் அழ வேண்டியிருந்தது.